ஒரே கோலம், இரண்டு சிகிச்சைகள்

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் விசாரணை மேசையில் நின்று “ஓ.டி. எங்கே?” என்று கேட்டேன். இரண்டாம் மாடிக்கு அனுப்பினார்கள். ஏறிப் போனால் ஆபரேஷன் தியேட்டர். வாசலில் இருந்த நர்ஸ், “யாருக்குங்க ஆபரேஷன்?” என்றார். என் அத்தைக்கு ஆபரேஷன் எதுவும் இல்லை. பக்கவாதம் வந்து வலது கை சொன்னபடி கேட்காமல் இருந்தது. டாக்டர் சீட்டில் அந்த இரண்டு எழுத்தை மட்டும் எழுதித் தந்திருந்தார். அது ஆக்குபேஷனல் தெரபி என்பதன் சுருக்கம் என்று எங்களுக்குப் புரிவதற்குள் அந்த அறையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் போனோம். மேசை மேல் களிமண், பாசிமணி, துணி மாட்டும் கிளிப், வண்ணப் பென்சில். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏன்டா, பால்வாடிக்கா கூட்டிட்டு வந்த?” என்றார்.

அத்தையை மட்டும் குறை சொல்ல முடியாது. வரைவதன் வழியாக மனதுக்குச் சிகிச்சை தரும் ஆர்ட் தெரபி நடக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே சாமான்கள்தான் இருக்கும். அதனால்தான் இரண்டும் ஒன்று, அல்லது ஒன்று மற்றதன் சின்ன வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். பேசத் தாமதிக்கும் குழந்தையை ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டு, தெரபி நடக்கிறது என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். வகுப்பு நல்ல வகுப்புதான். ஆனால் அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது வேறு.

தொழில் என்ற சொல் செய்த குழப்பம்

ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் தொழில்முறை சிகிச்சை, தொழில்சார் சிகிச்சை என்றெல்லாம் எழுதுகிறார்கள். கேட்டதும் தையல் மிஷினும் வேலைவாய்ப்புப் பயிற்சியும்தான் நினைவுக்கு வரும். “அறுபத்தெட்டு வயசுல இனி என்ன தொழில் கத்துக்கப் போறாங்க?” என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் சொல்லில் தவறு இல்லை, நாம்தான் அதன் பாதிப் பொருளை மறந்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் தொழிற்பெயர் என்று படித்தோமே: உண்ணல், உடுத்தல், நடத்தல், குளித்தல். அங்கே தொழில் என்றால் சம்பாத்தியம் கிடையாது, செயல். ஆக்குபேஷனல் தெரபியில் வரும் ஆக்குபேஷன் என்ற சொல்லுக்கும் அதுதான் பொருள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை ஒருவர் தன் நாளை எதைக் கொண்டு நிரப்புகிறாரோ அதெல்லாம் அதில் அடங்கும். ஒரு தொழிற்பெயர்ப் பட்டியலை எடுத்து, இதில் எது எது உங்களால் முடியவில்லை என்று கேட்டால் அந்தச் சிகிச்சையின் முதல் நாள் முடிந்துவிடும்.

அத்தையிடம் அப்படித்தான் கேட்டார்கள். கனடாவில் 1991-ல் உருவாகி இன்று பல நாடுகளில் புழங்கும் ஒரு கேள்வி முறை இருக்கிறது. நோயாளி தனக்கு முக்கியமான வேலைகளைத் தானே சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் இப்போது எப்படிச் செய்கிறார், அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். சில வாரம் கழித்து மறுபடி போடச் சொல்வார்கள். டாக்டரோ ஸ்கேனோ போடும் மதிப்பெண் இல்லை இது. அத்தை மூன்று சொன்னார்: துணையில்லாமல் குளிப்பது, வலது கையால் பிசைந்து சாப்பிடுவது, தானே சேலை கட்டுவது. “வாசலில் கோலம் போடுவாரே” என்று நான் நடுவில் சொன்னேன். அத்தை எதுவும் சொல்லவில்லை. தெரபிஸ்ட் அதையும் குறித்துக்கொண்டார்.

இரண்டு காசநோயாளிகள்

இந்த இரண்டு சிகிச்சைகளுக்கும் பெயர் வைத்தவர்கள் இருவருமே மருத்துவர்கள் அல்ல. இருவருமே காசநோயாளிகள். பெருந்துறை, தாம்பரம் சானடோரியங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு அந்தக் கால வைத்தியம் தெரிந்திருக்கும். மருந்து கிடையாது, காற்று, வெயில், ஓய்வு. மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் படுக்கை.

ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். காசநோயோடு கால் விரல்களை இழந்தார், இடது பக்கம் செயலிழந்தது. நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சிகிச்சைக்குப் போனவர், தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து தன்னைத் தானே மீட்டெடுத்துக்கொண்டார். 1914-ல் அங்கேயே ஒரு வீட்டைப் பிடித்து மற்றவர்களுக்கும் அதைச் செய்யத் தொடங்கினார். 1917 மார்ச்சில் அந்த வீட்டில் கூடிய சிலர் அமைத்த சங்கம்தான் ஆக்குபேஷனல் தெரபியை ஒரு துறையாக்கியது. முதல் உலகப் போரிலிருந்து கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்கள் அந்தத் துறைக்கு வேலையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இந்தியாவில் 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதற்கான பள்ளியைத் தொடங்கினார்.

அடுத்தவர் ஏட்ரியன் ஹில், முதல் உலகப் போர்க் களங்களை வரைந்த ஆங்கிலேய ஓவியர். 1938-ல் காசநோயோடு இங்கிலாந்தில் ஒரு சானடோரியத்தில் கிடந்தபோது, படுக்கையிலிருந்தபடியே கண்ணில் பட்டதை வரைந்தார். மறு ஆண்டு அந்த சானடோரியத்துக்கு ஆக்குபேஷனல் தெரபி வந்தது. அதன் ஒரு பகுதியாக மற்ற நோயாளிகளுக்கு வரையக் கற்றுக் கொடுக்க ஹில்லை அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்தவர்கள் ஓவியம் கற்க வந்து, பயத்தையும் நினைவுகளையும் காகிதத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். 1942-ல் ஹில் இதற்கு ஆர்ட் தெரபி என்று பெயர் வைத்தார். ஆக, ஆர்ட் தெரபி உள்ளே நுழைந்ததே ஆக்குபேஷனல் தெரபியின் கதவு வழியாகத்தான். இன்றும் மக்கள் குழப்பிக்கொள்வதில் ஆச்சரியம் என்ன?

பிறகு பாதை பிரிந்தது. அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் போன்றவர்கள் உளப்பகுப்பாய்வின் பக்கம் போனார்கள்: சொல்ல முடியாததைப் படம் சொல்லும், அதைப் பற்றிப் பேசலாம் என்பது அவர்கள் வழி. ஈடித் கிரேமர், வரையும் செயலிலேயே குணமாக்கும் தன்மை இருக்கிறது என்றார். இங்கிலாந்தில் எட்வர்ட் ஆடம்சன் 1946 முதல் ஒரு மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தூரிகையைக் கொடுத்துவிட்டு, கருத்துச் சொல்லாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். எனக்கு இந்தக் கடைசி ஆளைத்தான் பிடிக்கும். நம் ஊரில் வரைந்து முடித்த காகிதத்தைப் பார்த்ததும் யாரால் சும்மா இருக்க முடிகிறது?

கோலத்தைப் பிரித்துப் போட்டால்

தெரபிஸ்ட் அடுத்த வாரம் செய்ததைச் சொல்கிறேன். கோலம் போடுவதை அவர் தறியிலிருந்து பாவு நூலைப் பிரிப்பதுபோல இழை இழையாகப் பிரித்தார். காலை அகட்டிக் குனிந்து நிற்க வேண்டும், அல்லது குந்த வேண்டும். இடுப்பும் முழங்காலும் தாங்க வேண்டும். இடது கை கிண்ணத்தைப் பிடிக்க வேண்டும். வலது கையின் கட்டை விரல், சுட்டு விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பொடியை அள்ளி, ஒரே சீராக நழுவவிட வேண்டும். ஐந்து புள்ளி, அடுத்த வரியில் நாலு என்று கணக்கு மனதில் நிற்க வேண்டும். இதெல்லாம் விடிகாலையில், தண்ணீர் தெளித்த தரையில், வழுக்காமல் நடக்க வேண்டும். செயல் பகுப்பாய்வு என்று இதற்குப் பெயர். இந்தத் துறையின் மூளை இதில்தான் இருக்கிறது.

பிரித்த பிறகுதான் களிமண்ணும் பாசிமணியும் வருகின்றன. அத்தை களிமண்ணை உருட்டியது பொம்மை செய்ய அல்ல, மூன்று விரலின் பிடிமானத்துக்கு. முதலில் மேசை மேல் தட்டில் ரவை, அப்புறம் கோலப்பொடி, அப்புறம் முக்காலியில் உட்கார்ந்து தரையில். விரலில் பலம் ஒரு அளவுக்கு மேல் திரும்பி வரவில்லை என்றால் வேறு வழி பார்ப்பார்கள்: பொடி நிரப்பிய கோலக் குழாய், அல்லது இடது கை. ஆளைச் சரிசெய்ய முடிகிற வரை ஆளைச் சரிசெய்வது, முடியாத இடத்தில் கருவியையும் வீட்டையும் வேலை செய்யும் விதத்தையும் மாற்றுவது. பிசியோதெரபி அசைவைத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கும். அந்த அசைவு குளியலறையிலும் அடுப்படியிலும் உபயோகப்படுகிறதா என்பது இவர்கள் கவலை. ரவிக்கை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே நாளில் அத்தையின் பாதி அழுகை நின்றது அதனால்தான்.

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். சரிவில் நின்று, ஒரு கையால் கிளையை வளைத்து, சிவந்ததை மட்டும் பார்த்து மறு கையால் பறித்து, இடுப்புக் கூடையில் போட வேண்டும். அவருக்கு வீட்டுக் கோலத்தைக் கொண்டு பயிற்சி கொடுப்பதில் பாதி பலன் வீணாகும். பறிப்பு நாள்களில் கூலி போனால் அந்த ஆண்டே போனது மாதிரி. ஐந்து வயதுக் குழந்தைக்கு இதே பட்டியல் சட்டைப் பொத்தான், பென்சில் பிடி, டிபன் பாக்ஸ் மூடி என்று ஆகும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் மேளச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளைகள் உண்டு. சத்தம், தொடுதல், அசைவு ஆகியவற்றை மூளை எப்படி வாங்கி அடுக்குகிறது என்பதை ஆராய்ந்தவர் ஜீன் ஏர்ஸ். அவரும் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான். ஊஞ்சலும் பந்தும் உள்ள அந்த அறைகள் அவர் வழி வந்தவை. அந்த முறை எல்லாக் குழந்தைக்கும் பலிக்கிறதா என்பதில் துறைக்குள்ளேயே வாக்குவாதம் இருக்கிறது.

இதில் நம் பக்கத்து மலைக்கும் ஒரு பங்கு உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையை வேலூர் சி.எம்.சி.யில் வளர்த்தெடுத்த டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். முன்பு அது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனியாகப் பிரிந்தது 1997-ல்தான். கையை நிமிர்த்திய பிறகும் வேலை முடியவில்லை என்று அவர் கண்டார். உணர்ச்சி இல்லாத விரலுக்குச் சூடு தெரியாது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. அதனால் ஆபரேஷன் செய்த கை மறுபடி புண்ணாகும். விரல் பார்க்க வேண்டிய வேலையைக் கண் பார்க்கப் பழக வேண்டும், கருவியின் பிடியைத் தடிமனாக்க வேண்டும். குணமானவர்களுக்கு வேலூரில் மரவேலைக் கூடம் வைத்து, பொம்மை செய்யப் பழக்கினார்கள். ஆபரேஷன் தியேட்டர் ஓ.டி.க்கும் இந்த ஓ.டி.க்கும் உள்ள உறவு இதைவிடத் தெளிவாக எங்கும் தெரியாது.

படம் யாருடையது

ஆர்ட் தெரபி அறையில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. விரல் எப்படிப் பிடிக்கிறது என்று யாரும் குறிப்பதில்லை. வந்தவர், அவர் வரைந்தது, எதிரில் இருக்கும் தெரபிஸ்ட் என்று மூன்று பேர் அந்த அறையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேராக முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, நடுவில் இருக்கும் படத்தைப் பார்த்துச் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் சில நேரம் தடுமாறுவார்கள். அழகாக்கும் பழக்கம் குறுக்கே வந்து நிற்கும்.

எந்தப் பொருளைக் கொடுக்கிறார்கள் என்பதிலும் யோசனை உண்டு. பென்சில் கையின் கட்டுக்குள் நிற்கும். தண்ணீர் கலந்த வண்ணம் ஓடும், கலங்கும், நினைத்த இடத்தில் நிற்காது. இறுகிப் போனவருக்கு ஓடும் வண்ணம் ஒரு திறப்பாகலாம். ஏற்கெனவே உள்ளே எல்லாம் சிதறிக் கிடப்பவரிடம் அதையே கொடுத்தால் பயம் கூடும். அவருக்குப் பென்சிலும் சின்னக் காகிதமும் போதும்.

கறுப்பு வண்ணம் எடுத்தால் சோகம், கதவில்லாத வீடு வரைந்தால் தனிமை என்று ஜோசியம் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பயிற்சி பெற்றவர் அப்படிப் பலன் சொல்ல மாட்டார். “இதைப் பற்றிச் சொல்லணும்னு தோணுதா?” என்று கேட்பார், அவ்வளவுதான். வரைந்தவை ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும். மருத்துவக் குறிப்பைப் போல அதுவும் ரகசியம். குழந்தை வரைந்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு “இன்றைய ஆர்ட் தெரபி” என்று எழுதும் இடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்பது என் கருத்து. மண்டலா வண்ணப் புத்தகமும் இதில் சேராது. மனசுக்கு ஆறுதல் தரலாம், கொசுவத்திச் சுருளைப் பார்த்துக்கொண்டு உட்காருவதும்தான் தருகிறது.

பலன் இருக்கிறதா

சும்மா இருப்பதற்கு எதையாவது செய்யட்டுமே, அதுதான் தெரபி என்ற எண்ணத்துக்கு ஒரு ஆய்வு நல்ல பதில். 1997-ல் வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸில் 60 வயதைத் தாண்டிய 361 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்பது மாதம் ஆக்குபேஷனல் தெரபி. இன்னொரு பிரிவுக்குக் கைவேலை, சினிமா, விளையாட்டு, வெளியூர்ச் சுற்று. மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. முதல் பிரிவு உடல்நலத்திலும் வாழ்க்கைத் திருப்தியிலும் முன்னேறியது. கைவேலையும் சினிமாவும் கிடைத்தவர்கள் ஒன்றும் கிடைக்காதவர்களைவிடப் பெரிதாக மேம்படவில்லை. அதே கைவேலைதான், ஆனால் யாருக்கு, எதற்கு என்ற கணக்கு அதில் இல்லை.

ஆர்ட் தெரபியின் பக்கம் நிலைமை அவ்வளவு உறுதியாக இல்லை. 2012-ல் பிரிட்டனில் மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு குழு ஆர்ட் தெரபியைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. பலர் ஒழுங்காக வரவும் இல்லை. அதற்காக இது எதற்கும் உதவாது என்று ஆகிவிடாது. எந்த நோய்க்கும் இது மருந்துக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது, அவ்வளவுதான். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவரை முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இலவச ஆலோசனை இருக்கிறது.

யாரிடம் போவது என்பதிலும் இரண்டும் ஒரே நிலையில் இல்லை. ஆக்குபேஷனல் தெரபி இந்தியாவில் நீண்டகாலம் நான்கரை ஆண்டாக இருந்த பட்டப் படிப்பு. உடற்கூறியலும் நரம்பியலும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் இதற்குத் தனி வகையே உண்டு. அதே சட்டத்தின் அட்டவணையில் கலைச் சிகிச்சையாளர் அசைவுச் சிகிச்சையாளர் என்ற தலைப்புக்குள் நடனத்தோடு சேர்ந்து வருகிறார். பிரிட்டனில் பதிவு செய்யாமல் ஆர்ட் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. இங்கே இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழோடும் போர்டு மாட்டிவிடுகிறார்கள். அதனால் எங்கே படித்தீர்கள், எத்தனை மாதம், மேற்பார்வையில் எவ்வளவு வேலை செய்தீர்கள் என்று கேட்கத் தயங்கக் கூடாது.

ஒரே ஆளுக்கு இரண்டும் தேவைப்படுவது உண்டு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் நெருப்பில் கை வெந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். தழும்பு இறுகி விரல் மடங்கிவிடாமல், வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டைக் கைக்கு அளவாக வளைத்துக் கட்டுவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் வேலை. கை தேறிய பிறகும் நெருப்பைப் பார்த்தாலே உடம்பு நடுங்கினால் அந்தத் தகடு என்ன செய்யும்?

அத்தைக்கு ஆறு வாரத்தில் கை ஓரளவு வந்துவிட்டது. குளித்தார், சாப்பிட்டார், சேலை கட்டினார். முக்காலியில் உட்கார்ந்து பயிற்சித் தட்டில் ஐந்து புள்ளிக் கோலம்கூடப் போட்டார். வாசலில் மட்டும் போட மறுத்தார். தெரபிஸ்ட் என்னைத் தனியாக அழைத்தார். “கையில இனி பெரிய சிக்கல் இல்லைங்க. வேற ஏதோ இருக்கு. அதை நான் இழுக்கக் கூடாது.”

என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில் கோலம் போடுவதில்லை. பக்கவாதத்துக்கு இரண்டு வருடம் முன்னால் அத்தையின் பெரிய மகன் வண்டியில் போய் அடிபட்டு இறந்தான். வருடம் திரும்பிய பிறகு மருமகள் கோலத்தை எடுத்துக்கொண்டாள். அத்தை அதற்குப் பிறகு பொடியைத் தொடவே இல்லை. நான்தான் அன்று யோசிக்காமல் அந்தப் பட்டியலில் கோலத்தைச் சேர்த்துவிட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோகும் ஒரு ஆர்ட் தெரபிஸ்டிடம் அத்தை இப்போது போகிறார். ஆக்குபேஷனல் தெரபி நோட்டு எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மூன்று விரல் பிடி எந்தத் தேதியில் எவ்வளவு என்று இருக்கும். ஆர்ட் தெரபிக் கோப்பில் என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வாசலில் இன்னமும் மருமகள்தான் கோலம் போடுகிறாள். அத்தை முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூன்றாம் வரியில் ஒரு புள்ளி குறைகிறது என்கிறார்.